துபாஷியார் எழுதிய ஏடு

பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னாட்டு வரலாற்றை எழுதப் புகுவார் எவரும் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஒதுக்கிச் செல்லல் இயலாது. 1736ஆம் ஆண்டு செப்டெம்பர் 6ஆம் நாள் தொடங்கி, இடையிடையே விடுபட்ட பகுதிகள் நீங்கலாக, ஏறக்குறைய இருபத்தைந்தாண்டுகள் அவர் எழுதி வந்தார். நவாபுகளின் எழுச்சியும் வீழ்ச்சியும், பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் நடத்திய போர்களும் அவ்வேட்டில் பதிவு பெற்றுள்ளன. இதனால் அவரை வரலாற்றாசிரியர் என்று போற்றுவது அறிஞர் வழக்கமாயிற்று. அவ்வழக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும், அவ்வேட்டைப் படிக்குந்தோறும் என் கண்முன் வந்து நிற்பவர் வேறொருவர். கடன் கொடுத்தும், கொடுத்த கடனைத் தண்டியும், பிறர் கடனுக்குப் பிணை நின்றும், நாள்தோறும் வந்து குவிந்த கடிதங்களுக்கு மறுமொழி எழுதுவித்தும் வாழ்ந்த ஒரு வணிகரே அவர்.

வணிகர் ஒருவர் ஏன் இத்துணை எழுதினார்? அவருடைய குடிவரலாற்றிலே இதற்கு விடை இருக்கின்றது என்பது என் துணிபு.

ஆனந்தரங்கர் 1709ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரிலே பிறந்தார். தந்தையார் பெயர் திருவேங்கடம் பிள்ளை. அவருடைய மைத்துனரான நைனியப்பப் பிள்ளை புதுச்சேரியிற் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷியாக விளங்கினார். அவர் அழைப்பினாலேயே இக்குடும்பம் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தது. துபாஷி என்னுஞ் சொல் இரு மொழி வல்லானைக் குறிக்கும். ஆனால் அப்பதவியின் வேலை மொழிபெயர்ப்போடு நின்றுவிடுவதன்று. கும்பினிக்குச் சரக்குச் சேர்த்துக் கொடுப்பதும், நாட்டு வணிகருக்குக் கும்பினியின் வாக்கை உறுதிப்படுத்துவதும், அரசர்களோடு நடக்கும் கடிதப் போக்குவரத்தைக் கவனிப்பதும் அவர் கடனாகும்.

1716ஆம் ஆண்டு எபேர் என்னும் ஆளுநர் நைனியப்பரைச் சிறைப்படுத்தினார். குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டன; கசையடி வழங்கப்பட்டது; சொத்து முழுவதும் பறிமுதலாயிற்று. அடுத்த ஆண்டே அவர் சிறையில் மாண்டார். அவர் மகன் குருவப் பிள்ளை கடல் கடந்து பிரான்சுக்குச் சென்று முறையிட்டார். அங்கே கிறித்துவ சமயஞ் சேர்ந்து, அரசனிடம் வீரப் பட்டமும் பெற்று மீண்டு, தந்தையின் பதவியை வகித்து, 1724இல் இறந்தார். நைனியப்பர் மேற் சாற்றிய தீர்ப்பும் பின்னர் பிரான்சிலே தள்ளப்பட்டது. தள்ளப்பட்டதனால் இறந்தவர் எழுந்து வந்தாரல்லர்.

எட்டு வயதுச் சிறுவனாக இருந்த ஆனந்தரங்கருக்கு இந்நிகழ்ச்சி எதைக் கற்பித்திருக்கும்? வெள்ளைத் துரையின் வாய்ச்சொல் ஓராண்டு செல்லும், மறு ஆண்டு செல்லாது என்பதைத்தான். யார், எந்நாளில், யார் முன்னிலையில், என்ன சொன்னார், எவ்வளவு பெற்றார் என்பதை ஒருவன் எழுதி வைத்துக் கொள்ளாவிடின் நாளை அவனுக்குத் துணையில்லை. அவருடைய ஏட்டிலே கும்பினி மாளிகையில் நடந்த உரையாடல்கள் ஒன்று விடாமல் குறிக்கப்பட்டிருப்பதற்கு வேறு காரணம் என் அறிவுக்குப் புலப்படவில்லை.

1726இல் தந்தையார் காலமானார். அப்பொழுது ஆளுநராக இருந்த லெனுவார் இளைஞரின் திறமையைக் கண்டு, பரங்கிப்பேட்டையிலிருந்த கும்பினித் தொழிற்சாலையை அவர் பொறுப்பில் விட்டார். ஆனந்தரங்கர் தம் சொந்தச் செலவில் லாலாப்பேட்டையிலும் ஆர்க்காட்டிலும் பண்டகசாலைகள் அமைத்து, ஐரோப்பியச் சரக்கை உள்நாட்டுக்கு அனுப்பி, உள்நாட்டுச் சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் ஆனந்தப் புரவி என்னும் பெயருடைய கப்பலொன்றும் அவருக்குச் சொந்தமாக ஓடியது.

அக்காலத்து வாணிகம் எவ்வாறு நடந்தது என்பதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். அன்றேல் பின்வருவன விளங்கா. பிரான்சிலிருந்து கப்பல்கள் வெள்ளியைக் கொண்டுவரும். அவ்வெள்ளியை ரூபாயாக அச்சடிக்கும் உரிமையை 1736இல் புதுச்சேரி பெற்றது. அந்த ரூபாய் நாட்டு வணிகருக்கு முன்பணமாகச் செல்லும். வணிகர் தரகருக்கும், தரகர் ஊர்தோறுமுள்ள நெசவாளருக்கும் முன்பணம் கொடுப்பர். பல மாதங்கள் கழித்துத் துணி வரும். அதனை வெளுத்து, தரம் பிரித்து, பொதியாகக் கட்டிக் கப்பலேற்றுவர். ஆக, கையில் இருப்பது பணமன்று, கடனே. நெசவாளன் தரகனுக்குக் கடன், தரகன் வணிகனுக்குக் கடன், வணிகன் கும்பினிக்குக் கடன். இச்சங்கிலியின் நடுக்கண்ணியாக நின்றவர் துபாஷி.

இதனை எங்கள் ஹந்தானைப் பகுதி வாசகர்களுக்கு விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நான் பாடஞ் சொல்லும் பிள்ளைகளின் முன்னோர் இம்மலைக்கு வந்ததும் ஒரு முன்பணச் சங்கிலியினாலேயே. தொழிலாளி கங்காணிக்குக் கடன்பட்டான். கங்காணி தோட்டத்துக்குக் கடன்பட்டான். துண்டு எனப்பட்ட சிறு கடிதத்தில் எழுதிய கடனைக் கட்டினாலன்றி ஒரு தோட்டத்தான் மறு தோட்டத்திற் பெயர் பதிய முடியாதென்ற நிலை இருந்தது. அத்துண்டு முறை 1921இலேதான் ஒழிந்தது. கடிதமும் கடனும் ஒன்றேயாகிய காலத்தை நம்மவர் நன்கறிவர்.

கடனைத் தண்டும் முறைகள் இக்கரையில் மிகப் பழையன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடன் கொடுத்தவன் கடனாளியைச் சுற்றித் தரையில் வட்டமிட்டால், கடனைத் தீர்க்காமல் அல்லது தக்க பிணை கொடாமல் அவன் அதைத் தாண்டுதல் கூடாது என்னும் வழக்கத்தைக் குறித்துள்ளார். குதிரைமேல் வந்த அரசனையே ஓர் அயல்நாட்டு வணிகன் இங்ஙனம் வளைத்து நிறுத்தினானாம். அரசனும் பணந் தீரும்வரை அசையாது நின்றானாம். ஆனந்தரங்கர் காலத்தில் அவ்வட்டத்தின் இடத்தைச் சாவடி பிடித்துக்கொண்டது. புதுச்சேரியில் நாட்டு மக்களின் கொடுக்கல் வாங்கல் வழக்குகளைக் கேட்டுத் தீர்த்த மன்றத்துக்குச் சாவடி என்று பெயர். எனினும் சாவடியின் ஆணை ஊர் எல்லைவரைதான். எல்லைக்கப்பாலுள்ள கடனாளியை அசைப்பது கடிதம் ஒன்றே. கடிதம் அசைக்காத இடத்துக்குப் பட்டாளம் சென்றது. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்றை இங்குக் குறிக்காமல் என்னால் மேற்செல்ல முடியவில்லை. நாட்குறிப்பின் தமிழ் இலக்கணத் தமிழன்று. புணர்ச்சியை நோக்கின் செங்கோல் எடுத்த பண்டிதர் எவருக்கும் கை துடிக்கும். ஆனால் சொற்களை நோக்குங்கள். பாக்கி, வசூல், வாய்தா, ரசீது, ஜப்தி, குமாஸ்தா என இன்று நாம் அயலென்று கருதாமல் வழங்குஞ் சொற்கள் பல பாரசீகமும் அரபும் கலந்த ஆட்சிமொழி வழியாகத் தமிழில் நுழைந்தவை. அவற்றுள் எத்தனை கடன்வழிச் சொற்கள் என்று எண்ணிப் பாருங்கள்! நமக்குரிய பற்று, வரவு, முறி, பிணை, ஈடு என்பனவும் அவற்றோடு ஒரே திண்ணையில் அமர்ந்து வேலை செய்தன. பேச்சுத் தமிழ் அந்நாளில் எப்படி ஒலித்தது என்பதை அறியப் புலவர் நூல்களைவிட இக்கணக்கர் ஏடே நமக்குப் பேருதவி புரிகின்றது. இதைச் சொல்ல எனக்கு நாணமில்லை.

1742இல் டூப்ளே ஆளுநராகப் புதுச்சேரிக்கு வந்தார். அப்பொழுது கனகராய முதலியார் தலைமைத் துபாஷி. அவர் 1746 பெப்ருவரியில் இறந்தபின் அப்பதவிக்குப் பலர் போட்டியிட்டனர். டூப்ளேயின் மனைவியார் இந்நாட்டிற் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேச வல்லவர். தமக்கென ஒற்றரையும் தூதரையும் வைத்திருந்தவர். அவருக்கு ஆனந்தரங்கர் மேல் விருப்பமில்லை. ஆயினும் வேலை அனைத்தையும் ஆனந்தரங்கரே பார்த்துவந்தமையால், 1747இல் பதவி முறைப்படி அவரை அடைந்தது. அதே ஆண்டிலேதான் இங்கே கண்டியில் மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அரியணை ஏறினான் என்பதை நம் வாசகர்கள் நினைவிற் கொள்வது காலத்தைப் பொருத்திப் பார்க்க உதவும்.

பதவி வந்த காலம் நற்காலமன்று. 1744இல் ஐரோப்பாவில் பிரான்சும் இங்கிலாந்தும் போர் தொடுத்தன. 1745இல் ஆங்கிலக் கடற்படை சீனத்திலிருந்து திரும்பிய பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டது. பிரான்சிலிருந்து வரவேண்டிய வெள்ளி வரவில்லை. வெள்ளி வராவிடின் முன்பணம் இல்லை. முன்பணம் இல்லாவிடின் துணி இல்லை. முன்னே வாங்கிய துணிக்கும் விலை தீரவில்லை. வணிகர்கள் துபாஷியின் வாயிலை முற்றுகையிட்டனர். கும்பினிக்குத் தவணை வேண்டும், வணிகருக்குப் பணம் வேண்டும். இருவருக்கும் வாக்குக் கொடுத்தவர் ஒருவரே. பகலில் ஆளுநரிடம் சென்று வணிகரின் நிலையைச் சொல்லித் தவணை கேட்பதும், வீடு திரும்பி வணிகரிடம் கும்பினியின் நிலையைச் சொல்லிப் பொறுக்கச் சொல்வதுமாக அவர் நாட்கள் கழிந்தன. கடிதங்களும் ஓய்ந்தபாடில்லை. ஆர்க்காட்டிலிருந்து பாரசீகத்தில் வருவன ஒருபுறம். அவற்றைப் படித்துச் சொல்ல மதனானந்த பண்டிதர் என்பவர் இருந்தார். தமிழிலும் தெலுங்கிலும் வருவன மற்றொருபுறம். ஒரு கடிதத்தில் ஓர் அடைமொழி குறைந்தால் நவாபு சினப்பான். மிகுந்தால் எதிரி அறிந்து கறுவுவான். எழுத்தறிந்தோர்க்கு இத்தொழிலின் இடர் தெரியும்.

1746 செப்டெம்பரில் லாபூர்தொனே என்னும் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சென்னையைக் கைப்பற்றினார். பதினொரு இலட்சம் வராகன் கொடுத்தால் நகரைத் திருப்பித் தருவதாக ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்தார். டூப்ளே அதனை ஏற்க மறுத்தார். இருவர் சண்டையும் கடிதம் கடிதமாக வளர்ந்துகொண்டிருக்கையில், ஒக்டோபரில் எழுந்த புயல் லாபூர்தொனேயின் கப்பல்களைச் சிதைத்தது. பதினொரு இலட்சம் வராகன் காகிதத்திலேயே நின்றது. சென்னை வணிகரைப் புதுச்சேரிக்குக் குடியேற்ற டூப்ளே முனைந்தார். அவர்களோடு பேசுவதும் உறுதிமொழி எழுதுவதும் ஆனந்தரங்கர் தலையில் விழுந்தன. 1748 ஆகஸ்டு முதல் ஒக்டோபர் வரை ஆங்கிலேயத் தளபதி பொஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். நகர் தாங்கி நின்றது. அம்முற்றுகையின் நடுவே வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. தலைமைத் துபாஷியாக இருந்தும் அதனைத் தடுக்க ஆனந்தரங்கரால் முடியவில்லை.

அவ்வாண்டு முடிவிலே ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டது. அதன் விளைவு வியப்பானது. அமெரிக்காவில் ஆங்கிலக் குடியேற்றத்தார் 1745இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த லூயிபூர்க் கோட்டை பிரான்சுக்கு மீண்டது. ஈடாகச் சென்னை இங்கிலாந்துக்கு மீண்டது. அக்கோட்டையைத் தம் செலவில் பிடித்த மசச்சூசெட்ஸ் மக்கள் தங்கள் செலவைக் கேட்டு இலண்டனுக்கு எழுதினர். 1749இல் ஒரு இலட்சத்து எண்பத்து மூவாயிரம் பவுணுக்கு மேற்பட்ட தொகை நாணயமாகவே பொஸ்தன் துறைக்கு வந்து சேர்ந்தது. அவர்களுடைய போர்க்கடன் அவ்வாறு தீர்ந்தது. அதே உடன்படிக்கையின் மறுமுனையில் நின்ற புதுச்சேரி வணிகருக்காகப் பாரிசில் குரல் எழுப்ப எவருமில்லை. கடன் கேட்பதற்கும் ஓர் அரசியல் உரிமை வேண்டும் போலும்!

இதன்பின் டூப்ளே வாணிகத்தை விட்டு நாடு பிடிக்கும் வழியில் இறங்கினார். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருத்தீன் மாண்டான். சந்தா சாகிபுவும் முஸாபர் ஜங்கும் பிரெஞ்சுத் துணையுடன் எழுந்தனர். ஆனந்தரங்கரின் செல்வாக்கு உச்சியை அடைந்த காலம் இது. முஸாபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்னும் பட்டமும் செங்கற்பட்டுச் சாகீரும் வழங்கினான். ஆளுநர் மாளிகைக்குள் பல்லக்கிலேயே செல்லும் உரிமையும் அவருக்கு இருந்தது. தியாகராச தேசிகர் ஆனந்தரங்கன் கோவை பாடினார்; சீனிவாச கவி வடமொழியில் சம்பு இயற்றினார்; கஸ்தூரி ரங்க கவி தெலுங்கில் யாப்பு நூல் செய்து அவர் பெயரை அதற்கு இட்டார். மூன்று மொழிப் புலவரும் அவரைக் கொடையாளி என்றே பாடினர். வராத பாக்கியைப் பாடிய புலவர் ஒருவருமில்லை. அதைப் பாட்டுடைத் தலைவரே ஏட்டில் எழுதிக்கொண்டார்.

பட்டங்கள் வந்தனவேயன்றிப் பணம் வந்திலது. பட்டாளத்துக்குச் சம்பளம் கொடுக்க நிலவரி வேண்டும். போர் நடக்கும் நிலத்தில் வரி ஏது? 1749 இறுதியில் சந்தா சாகிபுவும் முஸாபர் ஜங்கும் தஞ்சையை முற்றுகையிட்டு, அரசன் பிரதாப சிங்கனிடம் எழுபது இலட்சம் ரூபாய் தருவதாக வாக்குப் பெற்றனர். தஞ்சையரசன் வாக்கைக் கொடுத்தான், நாளைக் கடத்தினான். எஞ்சியது ஐம்பத்தாறு இலட்சம் ரூபாய்க்கு ஒரு முறி. அது பிரெஞ்சுக்காரர் பெட்டியில் உறங்கிற்று. வரி தண்டும் பொறுப்பிலே அம்மையாரின் ஆதரவு பெற்ற பாப்பையப் பிள்ளை முன்னுக்கு வர, ஆனந்தரங்கர் பெயரளவில் துபாஷியாக ஒதுங்கி நின்றார். 1754 ஆகஸ்டில் கொதே என்பவர் பாரிசிலிருந்து வந்து டூப்ளேயைப் பதவி நீக்கினார். பாப்பையப் பிள்ளை சிறைப்பட்டார். டூப்ளே ஒக்டோபரில் கப்பலேறினார். கும்பினிக்காகத் தாம் செலவிட்ட பெருந்தொகையைத் திருப்பித் தருமாறு பிரான்சில் வழக்காடியே அவர் நாட்கள் கழிந்தன. 1763இல் வறுமையில் இறந்தார். ஆளுநர் கடனே தீராத கும்பினியில் துபாஷியின் கணக்கு எங்கே தீரும்! 1756இல் ஆனந்தரங்கர் பதவியை இழந்தார். உடல்நலமும் முன்னரே குன்றியிருந்தது. அவருடைய ஆண்மக்கள் இருவரும் இளமையிலேயே இறந்துபட்டனர்.

1758 ஏப்ரலில் லாலி என்னும் தளபதி பெரும்படையோடு வந்திறங்கினார். ஜூன் தொடக்கத்தில் கடலூர்க் கோட்டையைப் பிடித்தார். சென்னையைத் தாக்கக் கையில் பணமில்லை. அப்பொழுது பெட்டியில் உறங்கிய ஐம்பத்தாறு இலட்ச முறி நினைவுக்கு வந்தது. கடிதத்தாற் பெற முடியாததைப் பீரங்கியாற் பெறலாம் என்று கருதி, காரைக்கால் வழியாகத் தஞ்சை மேற் சென்றார். வழியில் சோறில்லை, வண்டி மாடில்லை. கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் உண்டென்று தோண்டினர், ஒன்றும் அகப்படவில்லை. அங்கிருந்த பிராமணர் சிலரை ஒற்றரெனக் குற்றஞ்சாட்டிப் பீரங்கி வாயிற் கட்டிக் கொன்றனர். தஞ்சையரசன் பழையபடியே பேசி நாளைக் கடத்தினான். கடலிலே பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் தோற்ற செய்தி எட்டவே, ஆகஸ்டில் லாலி முற்றுகையை விட்டுப் பின்வாங்கினார். தென்னாட்டில் நான் அறிந்தவரை, கடன் தண்டுவதற்கென்றே நடந்த படையெடுப்பு இதுவொன்றே. வட்டமிட்டு அரசனை நிறுத்திய பழைய வணிகனுக்குக் கிடைத்த பயன்கூட இப்பட்டாளத்துக்குக் கிடைக்கவில்லை. ஒரு பீரங்கியும் இல்லாமல், ஊரார் மதிக்கும் ஒரு கோட்டினால் அவன் வென்றான்.

1760இல் ஆங்கிலேயத் தளபதி கூட் புதுச்சேரியை வளைத்தார். உணவு அருகிற்று. நவம்பரில் நகரிலிருந்த நாட்டு மக்கள் சுமார் 1,400 பேரை லாலி வெளியே துரத்தினார். ஆங்கிலேயர் அவர்களை முதலில் உள்ளே விரட்ட, இரு படைக்கும் நடுவே அவர்கள் பசியோடு அலைந்தனர். நோயுற்றிருந்த ஆனந்தரங்கர் நகருக்குள்ளேயே இருந்தார், ஏடும் நின்றபாடில்லை. 1761 ஜனவரி 12ஆம் நாளோடு அது முடிகின்றது. அவர் வாழ்வும் அப்பொழுதே முடிந்தது. நான்கு நாட்கள் சென்று, 16ஆம் நாள் நகர் ஆங்கிலேயர் கைப்பட்டது. கும்பினியின் கோட்டையும் மாளிகையும் இடிக்கப்பட்டுத் தரைமட்டமாயின.

ஏடுகள் மட்டும் பிள்ளையின் வீட்டில் எஞ்சின. 1846இல் கலுவா மொம்பிரோன் என்னும் பிரெஞ்சு அதிகாரி அவற்றைக் கண்டெடுத்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. தமிழ் மூலமும் பின்னர் அச்சேறியது. ஆனந்தரங்கரின் எழுத்து நின்ற இடத்திலிருந்து தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை தம் குறிப்பைத் தொடர்ந்தார். நகரமில்லை, கும்பினியில்லை, நாளும் கிழமையும் இட்டு அவர் எழுதிக்கொண்டே போனார்.